குட்டிப் பிள்ளைக்கு ஒரு நட்சத்திர இரவு: கூட்டாளிகள் தங்கிப் போகும் பிறந்தநாள்

கனடாவில் இருந்து லீவுக்கு வந்த மச்சாளின் பிள்ளை "ஸ்லீப் ஓவர்" என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மகளுக்கு அதே கதைதான். ஏழாவது பிறந்தநாளுக்குக் கூட்டாளிகள் வந்து இரவு தங்க வேண்டும், விடிய எழும்பித்தான் போக வேண்டும். அம்மம்மா கேட்டுவிட்டு, "பாயை விரிச்சு வரிசையாப் படுக்கிறதுக்கும் இங்கிலீசில ஒரு பேரோ?" என்றா. அவ கேட்டதிலும் பிழையில்லை. லீவு விட்டால் அம்மம்மா வீட்டு விறாந்தையில் பத்துப் பேர் நெருக்கியடித்துப் படுத்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் சொந்தப் பிள்ளைகள். ஊரார் பிள்ளையை, அதுவும் ஆறேழு வயதில், ஒரு இரவு முழுக்கப் பொறுப்பெடுப்பது வேறு விசயம்.

மாங்குளத்துக்கு உள்ளே இருக்கும் எங்கள் வீட்டில் இதை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை பிழைத்துப் போனது. இளவரசி மாளிகை என்று சொல்லி, கிளிநொச்சிக்குப் போய் இளஞ்சிவப்பு பலூன், மினுங்கல் தாள், கிரீடம் என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். ஏழு பிள்ளைகளைக் கூப்பிட்டேன். ஆறு மணிக்குக் கேக் வெட்டினோம், ஏழு மணிக்குப் பலூன் எல்லாம் உடைந்து முடிந்தது, எட்டு மணிக்குக் கரண்ட் போனது. மாளிகையும் போனது. பத்தே முக்காலுக்கு ஒரு பிள்ளை அம்மாவிடம் போக வேண்டும் என்று அழத் தொடங்க, அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் அழுதார்கள். இவர் மோட்டார் சைக்கிளில் இரண்டு தரம் ஓடி நான்கு பிள்ளைகளையும் வீடுகளில் விட்டுவிட்டு வந்தார்.

அதில் இருந்து ஒன்று விளங்கியது. பகலில் நடக்கும் பிறந்தநாளை அப்படியே இரவுக்கு நீட்ட முடியாது. இருட்டில் நன்றாக இருக்கும் ஒரு பொருளைத்தான் தெரிவு செய்ய வேண்டும். கரண்ட் போனால் இன்னும் நன்றாக இருக்கும் பொருள் என்றால் அதைவிட நல்லது. வன்னியில் அது காசு கொடுக்காமல் கிடைக்கிறது. கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத வானம் எங்கள் முற்றத்துக்கு மேலே இருக்கிறது. இரண்டாம் முறை நட்சத்திர இரவு என்று வைத்தோம்.

பிள்ளையின் சொந்த நட்சத்திரம்

நட்சத்திரம் என்றால் மட்டைத்தாளில் ஐந்து முனை வெட்டி ஒட்டுவது மட்டும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பிறந்த அன்றே ஒரு நட்சத்திரம் எழுதி வைத்திருக்கிறோம். கோயிலில் அர்ச்சனைத் துண்டு எழுதும்போது சொல்கிறோம், அதோடு மறந்துவிடுகிறோம். அந்த நட்சத்திரம் உண்மையிலேயே மேலே இருக்கிறது என்று காட்டினால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கூப்பிடும் பிள்ளைகள் ஒவ்வொருவரின் நட்சத்திரத்தையும் தாய்மாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில வீடுகளில் வெளியே சொல்ல விரும்ப மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள். வேதக்காரப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நட்சத்திரம் பார்ப்பதில்லை, அவர்கள் விரும்பியதைத் தெரிவு செய்யட்டும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பிள்ளை, "எனக்கு ஆகப் பெரியதைத் தாங்கோ" என்று மூன்று பேருக்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை. மூலம், ஆயிலியம், கேட்டை என்று காதில் விழுந்தவுடன் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் யாராவது "ஐயோ, மூலமோ?" என்று தொடங்கிவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது காலம் முழுக்க மனதில் நிற்கும். முதல் நாளே பெரியவர்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள். மூலம் என்பது தேளின் வால், கேட்டை என்பது தேளின் நெஞ்சில் சிவப்பாக எரியும் நட்சத்திரம். பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல கதை வேண்டுமா?

திகதி

பிறந்தநாள் விழுந்த அன்றே வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு வீட்டில் பாயாசம் வைத்துக் கோயிலுக்குப் போய் வாருங்கள், கொண்டாட்டத்தை ஒன்றிரண்டு கிழமை தள்ளலாம்.

மூன்று விசயம் பாருங்கள். முதலாவது மழை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை, வானமும் தெரியாது, முற்றமும் சேறு. பெப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரையும், பிறகு ஓகஸ்ட் லீவிலும் வானம் நன்றாகத் திறந்திருக்கும். இரண்டாவது நிலவு. முழு நிலவில் நட்சத்திரங்கள் மங்கிவிடும். அமாவாசைக்குப் பிந்திய இரண்டு மூன்று நாட்கள் நல்லவை, மாலையில் மெல்லிய பிறையும் இருக்கும், அது சீக்கிரம் மறைந்து இருட்டும் கிடைக்கும். மூன்றாவது கிழமை. வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மரக்கறி, முட்டை போட்ட கேக்கே பிரச்சினையாகும். சனி இரவு வைத்தால் ஞாயிறு காலை சிலருக்கு அறநெறி வகுப்பு, சிலருக்குப் பூசை. லீவு நாளில் ஒரு வார நாள்தான் எனக்குச் சரிப்பட்டது.

யாரை, எத்தனை பேரை

நான்கு பேர். மிஞ்சினால் ஐந்து. ஏழு பேரைக் கூப்பிட்டு நான் பட்டதைச் சொல்லிவிட்டேன். ஆறு வயதுக்குக் கீழே என்றால் மச்சான் மச்சாள் முறைப் பிள்ளைகளோடு நிறுத்துங்கள்.

அழைப்பிதழ் அழகாகச் செய்யலாம், வட்ஸ்அப்பில் அனுப்பலாம், ஆனால் அதற்கு முதல் நேரில் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளையை இன்னொரு வீட்டில் இரவு விடுவது லேசான முடிவு இல்லை. பெண் பிள்ளை என்றால் சொல்லத் தேவையில்லை. போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, அவர்கள் கேட்க நினைத்துக் கூச்சத்தில் கேட்காமல் விடுவதையெல்லாம் நீங்களே சொல்லுங்கள். அன்று இரவு வீட்டில் யார் யார் இருப்பார்கள், பிள்ளைகள் எந்த அறையில் படுப்பார்கள், அவர்களோடு எந்தப் பெண்கள் படுப்பார்கள், மலசலகூடம் உள்ளேயா வெளியேயா. அந்த இரவு வேறு விருந்தினர் யாரும் தங்க மாட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள், சொன்னபடியே நில்லுங்கள். பிள்ளைகள் படுக்கும் அறையில் ஆண்கள் படுப்பதில்லை, எந்தப் பிள்ளையையும் தனியாக யாரும் எங்கும் கூட்டிப்போவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சித்தப்பா நல்லவர்தான். இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

பிறகு நீங்கள் கேட்க வேண்டியவை. கச்சான், கஜு, முட்டை, இறால் எதற்காவது ஒவ்வாமை உண்டா? இழுப்பு உண்டா, பம்ப் கொண்டு வருமா? இரவில் பாயில் சிறுநீர் போகுமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். படம் எடுத்து முகநூலில் போடலாமா என்றும் கேளுங்கள். சில குடும்பங்களுக்கு அதில் விருப்பம் இருக்காது.

தயங்குகிற தாய்க்கு ஒரு வழி உண்டு. பிள்ளை இரவு உடுப்போடு வரட்டும், சாப்பிட்டு, நட்சத்திரம் பார்த்து, ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போகட்டும். அரை இரவுப் பிள்ளை என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்தோம். இரண்டாம் முறை வந்த ஐந்து பேரில் இரண்டு பேர் அப்படித்தான். அவர்களுக்கும் குறையில்லை, எங்களுக்கும் நிம்மதி.

வீட்டையும் வளவையும் பகலிலேயே பாருங்கள்

வந்த பிள்ளைகளுக்கு உங்கள் வளவு தெரியாது. உங்கள் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் இடத்தில் அவர்கள் விழுவார்கள். முதலில் கிணறு. கட்டு உயரமாக இருந்தாலும் மூடுங்கள், மூட முடியாவிட்டால் அந்தப் பக்கம் போகாதபடி கயிறு கட்டுங்கள், மாலை ஆனதும் ஒரு பெரியவர் அந்தப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கட்டும். முற்றத்தைக் கூட்டி, சிரட்டை, பழைய பேணி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றுங்கள். டெங்கு நுளம்பு பொழுதுபடும் நேரத்திலும் விடியவும்தான் கூடுதலாகக் கடிக்கும், அதனால் மாலை விளையாட்டுக்கு நீளக் கைச் சட்டை.

தரையில் பாய் போட்டுப் படுக்க வைப்பதால் பாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும் விரியன் வகை ஒன்று எங்கள் பக்கங்களில் உண்டு. அது கடித்தது பல நேரம் தெரியாது, வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. நுளம்பு வலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் நுளம்புக்கும் பாம்புக்கும் ஒரே காவல். நடு இரவில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் வயிற்று வலி என்று எழும்பி, கண் இமை தொங்கினால் ஓமவோட்டர் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. 1990 இலவச அம்புலன்ஸ் இலக்கத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவையுங்கள்.

யானை வரும் ஊர் என்றால் முற்றத்தில் படுத்து வானம் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பாடசாலை மைதானம், குளக்கட்டு என்று வெளியே கூட்டிப்போகவும் வேண்டாம். விறாந்தையில் இருந்து தெரிகிற வானம் போதும்.

இன்னொன்று, வெடி. பிறந்தநாள் என்றவுடன் யாராவது ஒரு மாமா சீனவெடிக் கட்டு ஒன்று கொண்டுவருவார். வேண்டாம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இரவில் திடீரென்று சத்தம் கேட்டால் நெஞ்சு இடிக்காத பெரியவர்கள் எங்கள் அயலில் குறைவு.

செய்ய வேண்டிய சாமான்

அதிகம் இல்லை. நீலத் துணியோ பழைய நீலச் சேலையோ ஒன்றைச் சுவரில் கட்டி, பள்ளிக்கூட மட்டைத்தாளில் வெட்டிய வெள்ளை நட்சத்திரங்களைக் குண்டூசியால் குத்துங்கள். அலங்காரம் முடிந்தது.

முக்கிய சாமான் காகிதக் கப். ஆளுக்கு ஒன்று. கப்பின் அடிப்பக்கத்தில் அந்தப் பிள்ளையின் நட்சத்திரக் கூட்டத்தைப் பென்சிலால் புள்ளி வைத்து, தடித்த ஊசியால் துளை போட வேண்டும். கார்த்திகைக்கு ஆறு புள்ளி நெருக்கமாக. ரோகிணிக்கு ஐந்து, வி எழுத்து வடிவில். மிருகசீரிடத்துக்கு மூன்று. அத்தத்துக்கு ஐந்து, கை விரல் மாதிரி. திருவாதிரைக்கும் சுவாதிக்கும் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிதாக. லைற்றை எல்லாம் நிற்பாட்டிவிட்டு, கப்புக்குள் சின்ன ரோச் லைற்றை வைத்துச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தால் நட்சத்திரம் சுவரில் விழும். ஊசி வேலையை நீங்கள் செய்யுங்கள், கப்பைச் சுற்றி வர்ணம் தீட்டும் வேலையைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். வந்த முதல் ஒரு மணித்தியாலம் அதில் போய்விடும். விடிய வீட்டுக்குக் கொண்டுபோகும் பரிசும் அதுதான், தனியாக வேறொன்றும் வாங்கத் தேவையில்லை.

கேக் ஒரு கிலோ போதும். கருநீல ஐசிங் கேட்காதீர்கள். பிள்ளைகளின் பல்லும் நாக்கும் உங்கள் தலையணை உறையும் நீலமாகிவிடும். மார்ச் வெக்கைக்குப் பட்டர் ஐசிங் உருகும் என்பதால் நான் சாதாரண பட்டர் கேக் வாங்கி, மேலே சீனிப்பொடியை நட்சத்திர அச்சால் தூவினேன்.

பொழுதுபட்ட பிறகு

நான்கரைக்கு வரச் சொல்லுங்கள். வந்த உடனே வளவைச் சுற்றிக் காட்டி, எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, மலசலகூடம் எது என்று சொல்லிவிடுங்கள். பிறகு கப் வேலை. ஐந்தரைக்கு ஓடி விளையாட விடுங்கள், கிளித்தட்டோ ஒளித்துப் பிடித்தோ, வெளிச்சம் இருக்கும்வரை. ஒளித்துப் பிடித்து வீட்டுக்கு முன்பக்கம் மட்டும்.

ஆறரைக்கு முகம் கை கால் கழுவி, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து, கேக். ஏழு மணிக்குச் சாப்பாடு. தெரியாத வீட்டில் பிள்ளைகள் புதுச் சாப்பாடு தொட மாட்டார்கள். இடியப்பம், சொதி, உறைப்பில்லாத கிழங்குப் பிரட்டல், முட்டைப் பொரியல். ஒரு பிள்ளை வெறும் இடியப்பத்துக்குச் சீனி போட்டுச் சாப்பிட்டால் அதுவும் சரி. சோடாவைக் கேக்கோடு நிறுத்திவிடுங்கள், ஏழு மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும், அதுவும் அளவாக.

எட்டு மணிக்குத்தான் உண்மையான பிறந்தநாள். முற்றத்து லைற், விறாந்தை லைற் எல்லாவற்றையும் நிற்பாட்டுங்கள். வேலியில் இருந்து தள்ளி, கூட்டிய இடத்தில் பாய் விரித்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடம் எடுக்கும், அதுவரை கைத்தொலைபேசி வெளிச்சம் கூடாது. ரோச் லைற் கட்டாயம் தேவை என்றால் அதன் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள், சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது. இந்த இருபது நிமிடத்தை அம்மம்மாவிடம் கொடுங்கள், ஒரு கதை சொல்லுவா. பேய்க்கதை மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

என்ன தெரியும்? மார்ச் மாதத்தில் எட்டு மணிக்கு, உச்சியில் இருந்து மேற்காகச் சாய்ந்து ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரம் நிற்கும். அதைப் பிடித்துவிட்டால் மற்றது எல்லாம் லேசு. அதற்குப் பக்கத்தில் செம்மையாக இருப்பது திருவாதிரை. இன்னும் மேற்கே போனால் ரோகிணி, அதுவும் செம்மை. அதையும் தாண்டினால் கார்த்திகை, ஒரு சின்னக் கொத்து. ஆறையும் எண்ணும் பிள்ளைக்கு ஒரு ரொபி கொடுங்கள். கிழக்கே நல்ல உயரத்தில் மகம். தெற்கே தாழ்வாகப் பிரகாசமாக இருப்பது அகத்தியர். ஏப்ரல் லீவில் என்றால் மகம் உச்சிக்கு வந்துவிடும், கிழக்கே சித்திரையும் சுவாதியும் ஏறும். ஓகஸ்டில் தெற்கே முழுத் தேளும் தெரியும், கேட்டை நடுவில் சிவப்பாக. மேற்கே சுவாதி, கிழக்கே திருவோணம். துருவ நட்சத்திரத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், எங்கள் ஊருக்கு அது வடக்கே மிகவும் தாழ்வு, பனைக்குப் பின்னால் போய்விடும். மினுங்காமல் நின்று எரிவது கோள்.

முன்கூட்டியே பழக ஒரு சுகமான வழி இருக்கிறது. நாட்காட்டியில் இன்றைக்கு ரோகிணி என்று போட்டிருந்தால் நிலவு அந்த நட்சத்திரத்தின் அண்டையில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். மகம், சித்திரை, கேட்டை எல்லாவற்றையும் நான் அப்படித்தான் ஒரு மாதம் நிலவின் பின்னால் போய்க் கண்டுபிடித்தேன். சுவாதியும் திருவோணமும் நிலவின் பாதையில் இருந்து தூரம், அவை இந்த வழியில் அகப்படாது.

தன் நட்சத்திரம் அன்றைக்கு வானத்தில் இல்லாத பிள்ளை ஒன்றாவது இருக்கும். அதற்குத்தான் கப். "உன்ரை நட்சத்திரம் இப்ப நித்திரை, விடியப்புறம்தான் எழும்பும். சுவரில பாப்பம் வா" என்று உள்ளே கூட்டிப்போங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைத்திருக்காதீர்கள். மேகம் மூடினால் நேரே கப்புக்குப் போங்கள், பிள்ளைகளுக்கு ஒரு கவலையும் இருக்காது.

ஒன்பது மணிக்குப் பிறகு

அரை இரவுப் பிள்ளைகளைப் படுக்கை விரிப்பதற்கு முதலே அனுப்பிவிடுங்கள். பாயில் படுத்த பிறகு அம்மா வந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதை மற்றவர்கள் பார்த்தால் முடிந்தது கதை.

மற்றவர்களைப் பல் தீட்ட வைத்து, எல்லாரையும் வரிசையாக மலசலகூடத்துக்குக் கூட்டிப்போங்கள். வெளியே என்றால் ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் பின்னால், செருப்பை உதறிப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். தேளும் மட்டைத்தேளும் இருட்டுச் செருப்புக்குள் சந்தோசமாக இருக்கும். வழியில் ஒரு சார்ஜ் லைற்றை விடியும்வரை எரிய விடுங்கள். வலைக்குப் பக்கத்தில் மெழுகுதிரியும் நுளம்புச் சுருளும் கூடவே கூடாது.

எல்லாப் பாயையும் ஒட்டிப் போட்டு ஒரு பெரிய வலை. உங்கள் பிள்ளை நடுவில் இல்லை, ஆகக் கூச்சப்படும் பிள்ளைக்குப் பக்கத்தில். பாய் நனையக்கூடிய பிள்ளை கரையில், விரிப்புக்கு அடியில் றப்பர் சீற்றோடு. நனைந்தால் சத்தமில்லாமல் உடுப்பு மாற்றுங்கள், விடிய எல்லா விரிப்பையும் ஒன்றாகத் துவைக்கப் போடுங்கள். அப்போது எவருடையது என்று எவருக்கும் தெரியாது.

அழுகை வரும். அது உங்கள் பிழை இல்லை. வீடு மாறினால் நித்திரை வருகிற நேரம்தான் அம்மா ஞாபகம் வரும். "அம்மா இப்ப வந்திடுவா" என்று பொய் சொல்லாதீர்கள், பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அழுகிற பிள்ளையை மற்றவர்களிடம் இருந்து மெல்லப் பிரித்துக் குசினிக்குக் கூட்டிப்போய், இளஞ்சூட்டுப் பால் ஒரு கப் கொடுங்கள். அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பதா இல்லையா என்பதைத் தாயோடு முதல் நாளே பேசி வைத்திருக்க வேண்டும். குரல் கேட்டால் அமைதியாகும் பிள்ளையும் உண்டு, இன்னும் கூடும் பிள்ளையும் உண்டு, தாய்க்குத்தான் தெரியும். பாலும் குடித்து, பேசியும் பார்த்து, இன்னும் வீட்டுக்கு என்றால் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். பன்னிரண்டு மணி ஆனாலும் சரி. வண்டி ஓடக்கூடிய ஒருவர் அன்று இரவு ஆயத்தமாக இருக்க வேண்டியது அதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் இரண்டாம் முறையும் ஒரு பிள்ளை பத்து மணிக்கு விம்மத் தொடங்கியது. நான் பாலைச் சூடாக்க எழும்பினேன். அதற்குள் அம்மம்மா பனையோலை விசிறியோடு வலைக்குள் புகுந்து, "எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இருபத்தேழு நட்சத்திரமும் சொல்லுங்கோ பாப்பம், அச்சுவினி, பரணி" என்று தொடங்கிவிட்டா. பூரத்துக்கு மேலே ஒருவரும் போகவில்லை. பாலை நானே குடித்தேன்.

விடிய

ஆறு மணிக்கு முதலே ஒன்று எழும்பும், பிறகு எல்லாம் எழும்பும். பாண், பருப்பு, வாழைப்பழம் போதும், அன்றைக்குப் புட்டு அவித்து நீங்கள் களைக்க வேண்டாம். எட்டரைக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தால் பெரும்பாலானவர்கள் எட்டுக்கே வந்து படலையில் நிற்பார்கள். அவர்களும் இரவு நித்திரை கொண்டிருக்க மாட்டார்கள்.

பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குப் படுத்தது, அழுதிருந்தால் அழுதது என்று தாயிடம் உள்ளபடி சொல்லுங்கள். பையைப் பார்த்து அனுப்புங்கள். எவ்வளவு பார்த்தாலும் ஒரு துவாயும் ஒற்றைச் செருப்பும் மிஞ்சும். எங்கள் வீட்டில் மிஞ்சிய செருப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போன இடத்தில், அந்த அரை இரவுப் பிள்ளை கப்பைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு ஓடி வந்து, அடுத்த முறை தான் பாயோடு வருவதாகச் சொன்னது.